சாயவேரிலிருந்து சைவக்கறி வரை: யாழ்ப்பாணத்துத் தாவரச் செந்நிறம் – ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்து வீடுகளிற் சோயா மீற் சமைப்பதைப் பார்த்திருப்போர் ஒன்றை அவதானித்திருப்பர். பொதியிலிருந்து கொட்டப்படும்போது அது உலர்ந்த மண்ணிறக் கட்டியாகவே இருக்கும். வெந்நீரில் ஊறியதும் வெளிறிப் பஞ்சுபோலாகும். அதனைப் பிழிந்தெடுத்து, எண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கி, வறுத்திடித்த மிளகாய்த்தூளிட்டுப் பிரட்டிய பின்னரே அது கறியாகிறது. அப்பொழுது அதன் நிறம் செம்மண்ணுக்கும் கருஞ்சிவப்புக்கும் இடைப்பட்டது. இறைச்சிப் பிரட்டலின் நிறமும் அதுவே. மேல்நாடுகளில் இறைச்சிக்கு மாற்றாகத் தாவர உணவு செய்யும் பெருங்கம்பனிகள், வெளிறிய தாவரப் புரதத்துக்கு இரத்தச் சிவப்பை ஊட்டுவதெப்படி என்று பெரும் பொருட்செலவில் ஆராய்கின்றன. ஒரு தாவரப் பொருளுக்கு மற்றொரு தாவரத்தைக் கொண்டு சிவப்பேற்றும் இக்கலையை நம் அடுக்களைகள் ஆராய்ச்சியின்றியே செய்துவந்துள்ளன.

எனினும் இக்குடாநாட்டையும் அதனைச் சூழ்ந்த தீவுகளையும் உலக வாணிகத்தில் அறிமுகப்படுத்திய தாவரச் செந்நிறம் அடுக்களையைச் சார்ந்ததன்று. அது சாயவேர். அவ்வேரின் வரலாறு யானை, புகையிலை, சங்கு, முத்து என்பனவற்றின் வரலாற்றளவுக்குப் பேசப்படாதது. அதனை ஓரளவு விரித்துரைத்து, அதன்பின் அடுக்களைக்கு வருவதே இக்கட்டுரையின் போக்கு.

சாயவேர்ச் செடி சாணுயரத்துக்கு மேல் வளராத சிறு பூண்டு. ஊசிபோன்ற ஒடுங்கிய இலையும் சிறு வெண்பூவும் உடையது. கோப்பி, வெட்சி, நுணா ஆகியன அடங்கிய குடும்பத்தையே இதுவும் சார்ந்தது. ஐரோப்பியர் நெடுங்காலம் சிவப்புச் சாயத்துக்குப் பயன்படுத்திய மஞ்சிட்டியினச் செடியும் இக்குடும்பத்ததே. சித்த வைத்தியர் இதனை இம்பூறல் என்பர். கடலோர மணற்பாங்கான நிலமே இதற்கு உகந்தது. சோழமண்டலக் கரை, இராமநாதபுரக் கரை, மன்னார், வன்னிக் கரையோரம், யாழ்ப்பாணத்துத் தீவுகள் எனப் பாக்கு நீரிணையின் இருமருங்கும் இது தானாக முளைத்தது. மேலே பார்ப்போர்க்கு ஒரு களைப்பூண்டாகத் தோன்றும் இதன் செல்வம் மண்ணுக்குள் இருந்தது. மெல்லிய நீண்ட ஆணிவேரின் பட்டையிலேதான் சாயம் உண்டு. பயிரிட்ட செடியின் வேரினும் காட்டுச் செடியின் வேர் மெலிந்ததாயினும், சாயத்தில் அதுவே சிறந்ததெனச் சாயத்தொழிலாளர் கருதினர். ஆகவே வேர் கிண்டுவோர் தோட்டத்தில் ஓரிடத்தில் நின்று வேலை செய்ய இயலாது. மணல்வெளிகளிலும் பற்றைகளிலும் அலைந்து, மெல்லிய வேர் அறாதவாறு ஒவ்வொரு செடியாகக் கிண்டி எடுத்தல் வேண்டும். இச்சிறு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டாலன்றிப் பின்னர் வரும் வரலாறு விளங்காது.

வேரைக் கொதிநீரிலிட்டுத் துணியைத் தோய்த்தாற் சிவப்பு வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. பருத்தி நூல் இச்சாயத்தை எளிதில் ஏற்காது. 1742ஆம் ஆண்டு சோழமண்டலக் கரையிலிருந்து கேர்டூ என்னும் பிரெஞ்சு யேசுசபைத் துறவி எழுதிய கடிதம், தென்னகத்துச் சாயத்தொழிலின் நுணுக்கங்களை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்ற ஆவணங்களுள் முக்கியமானது. 1795இல் வெளிவரத் தொடங்கிய சோழமண்டலத் தாவரங்கள் பற்றிய தம் நூலிலே வில்லியம் றொக்ஸ்பறோவும் இச்செடியை வருணித்து, சாயமிடும் முறையையும் கூறியுள்ளார். ஓவியத் துணியாயின் முதலிற் கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டப்படும். நூலாயின் நல்லெண்ணெய், சாம்பற்காரம், ஆட்டுப்புழுக்கை ஆகியன கரைத்த நீரிற் பலநாள் மாறிமாறித் தோய்த்து உலர்த்தப்படும். பின்னர்ப் படிகாரம். இவற்றுக்குப் பின்னரே வேர். ஒருமுறை வேரிற் கொதிக்கவைத்தால் இளஞ்சிவப்பும், மீண்டும் மீண்டும் கொதிக்கவைத்தால் ஆழ்ந்த சிவப்பும் கிட்டும். முழுவதும் முடியப் பல கிழமைகள் செல்லும். அவ்வாறு ஏறிய நிறம் வெயிலிலோ சலவையிலோ போகாது. கிழியும் வரை நிற்கும்.

இதன் இரசாயனத்தை இன்று நாம் அறிவோம். வேர்ப்பட்டையிலுள்ள அலிசரின் என்னும் பொருள், படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடும் சுண்ணத்தோடும் பிணையும்போதே ஒளிமிக்க, கரையாத செந்நிறமாகிறது. அலுமினியம் மட்டும் போதாது, சுண்ணமும் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடோ முழுவதும் சுண்ணக்கற் பாறைமீது அமர்ந்திருப்பது. நம் கிணற்று நீரின் வன்மையைக் கேத்தலின் அடியிற் படியும் வெண்பொருக்கைக் கொண்டு எவரும் அறியலாம். சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று நாம் நொந்துகொள்ளும் அதே நீர், சாயக்காரனுக்கு வாய்ப்பான நீராகும். கடற்கரையின் சிப்பி மணலில் வளர்ந்த வேரும், சுண்ணம் கரைந்த கிணற்று நீரும் அருகருகே அமைந்தமை இத்தொழிலுக்கு இயற்கை செய்த உதவி எனலாம்.

1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இவ்வேரின் பெறுமதியை விரைவில் உணர்ந்தது. அதில் வியப்பில்லை. அவர்தம் சொந்த நாட்டிற் சீலந்து மாகாணம் மஞ்சிட்டியினச் சாயவேர் பயிரிட்டு ஐரோப்பா முழுவதற்கும் விற்றுவந்தது. சிவப்பு எவ்வளவு காசாகும் என்பதை அவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. சாயவேர் கம்பனியின் தனியுரிமையாயிற்று. வேரைத் தாமே கிண்டி விற்கும் உரிமை குடிகளுக்கு இல்லாதொழிந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நெசவாளரும் சாயக்காரரும் யாழ்ப்பாணத்தில் ஊக்குவிக்கப்பட்டனர். கைக்கோளர், சேணியர் என்பாரோடு சாயக்காரர் என்னும் பெயரும் யாழ்ப்பாணத்துப் பழைய சாதிப் பட்டியல்களில் இடம்பெறுவதை இங்கு நினைவுகூரலாம். 1697இல் யாழ்ப்பாணக் கொமாண்டராகவிருந்த ஹென்றிக் சுவார்டெக்றூன் தமக்குப் பின் ஆள்வோர்க்கு எழுதிவைத்த நினைவுக்குறிப்பிலே யானை, முத்துக்குளிப்பு, வரிகள் என்பனவற்றோடு சாயவேரும் பேசப்படுகிறது. ஒரு பூண்டின் வேர், யானையோடும் முத்தோடும் ஒரே ஏட்டில் எண்ணப்படும் தகுதி பெற்றது என்க.

வேரைக் கிண்டியவர் யாவர் என்பதே இவ்வரலாற்றின் மையமான வினா. கம்பனி ஆட்சியில் யாழ்ப்பாணத்துச் சமூகம் கடமைகளின் அடிப்படையில் வகுக்கப்பட்டிருந்தது. இன்ன சாதியார் இன்ன ஊழியம் செய்தல் வேண்டும் என்னும் பழைய ஏற்பாட்டை ஒல்லாந்தர் ஒழிக்கவில்லை. தோம்புகளில் எழுதி, எண்ணிக் கணக்கிட்டு, முன்னையினும் இறுக்கமாக்கினர். 1707இல் தேசவழமையைத் தொகுப்பித்த ஆட்சியே இது. வழமையை எழுத்தாக்குவதில் அவர்க்கு நாட்டமிருந்தது. எழுத்தாகிய வழமையிலிருந்து தப்புவது வாய்மொழி வழமையிலிருந்து தப்புவதினும் அரிது. சாயவேர் கிண்டுதலும் அவ்வாறு சமூகத்தின் அடித்தட்டில் வைக்கப்பட்ட சிலர்மீது பிறப்பினாலே விழுந்த கடமையாயிற்று. கிண்டிய வேரைக் கம்பனி குறித்த விலைக்குக் கம்பனியிடமே ஒப்படைத்தல் வேண்டும். சந்தையில் வேர் என்ன விலை போகிறது என்பது கிண்டியவனைச் சேர்ந்த விடயமன்று.

ஒல்லாந்த ஏடுகள் வேரை நிறுத்துக் கணக்கெழுதின, தரம் பிரித்தன, எவ்விடத்து வேர் எவ்விடத்து வேரினும் நன்று என்று ஒப்பிட்டன. வெயிலிற் குனிந்து மணலைக் கிளறியவனின் பெயரையோ, ஒரு நாளில் அவன் எத்தனை செடி கிண்டினான் என்பதையோ, அவன் பிள்ளைகள் உடன் வந்தார்களா என்பதையோ அக்கணக்குகளிலே தேடுவது வீண். துணியைக் குறித்தோ நூதனசாலைகள் நிறையப் பேசுகின்றன. சோழமண்டலத்து ஓவியத் துணிகள் இலண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கப்பட்டுள்ளன. நூற்றாண்டுகள் கடந்தும் அவற்றின் சிவப்பு மங்கவில்லை என்று பார்ப்போர் வியக்கின்றனர். அச்சிவப்பின் நிலைபேற்றுக்குக் காரணம் படிகாரமும் சுண்ணமும் என்று மேலே கூறினோம். அது முழு விடையாகாது. மெல்லிய வேர் அறாமல் எடுக்கப்பட்டது என்பதும் அக்காரணத்துள் அடங்கும்.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைப்பட்டது. அவர்களும் தொடக்கத்திற் சாயவேரை அரசின் வருவாயாகவே கொண்டனர். 1817இல் இலங்கையின் விவசாயம், வாணிகம், நிதி என்பன பற்றி நூலெழுதிய அந்தனி பேட்டொலாச்சி முதலானோர் இவ்வேரைப் பற்றிக் குறிப்பிடுவர். ஆங்கிலேயர் காலத்தில் அது சோழமண்டலக் கரைக்கும் ஏற்றுமதியாயிற்று. 1832இல் கோல்புறூக், கமரன் ஆகியோரின் விதப்புரைகளையொட்டி இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது; அடுத்த ஆண்டிற் கறுவாத் தனியுரிமையும் முடிவுற்றது. கட்டாயத்தின்பேரில் மலிவாகக் கிடைத்த உழைப்பையே அடிப்படையாகக் கொண்ட தொழில், அக்கட்டாயம் நீங்கியபின் முன்போல் நிலைக்க முடியாதென்பது வெளிப்படை. அதற்கு முன்னரே லங்காசயர் ஆலைத் துணிகள் யாழ்ப்பாணத்து நெசவாளரின் வாழ்வைக் குலைக்கத் தொடங்கியிருந்தன.

இறுதி அடி இரசாயனக் கூடத்திலிருந்து வந்தது. 1826இல் பிரான்சில் றொபிக்கே, கொலின் என்னும் இருவர் ஐரோப்பியச் சாயவேரிலிருந்து அலிசரினைப் பிரித்தெடுத்தனர். 1856இல் பதினெட்டு வயதினரான வில்லியம் ஹென்றி பேர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தை உண்டாக்கினார். 1868இல் யேர்மனியரான கிரேபே, லீபர்மன் இருவரும் தாரிலுள்ள அந்திரசீனிலிருந்து அலிசரினையே தொகுத்தெடுத்தனர். 1869இல் அதனை ஆலையில் உண்டாக்கும் முறைக்கு யேர்மன் குழுவினரும் பேர்க்கினும் ஏறத்தாழ ஒரே வேளையில் உரிமம் கோரினர். ஒரு தாவரத்தின் சாயத்தை மனிதன் அணுவுக்கு அணு அதேபோல் ஆக்கியது அதுவே முதன்முறை. அடுத்த ஓரிரு தசாப்தங்களுக்குள் பிரான்சிலும் ஒல்லாந்திலும் சாயவேர்த் தோட்டங்கள் அழிந்தன. மதுரையிற் செந்நிறத் துணிக்குப் பெயர்பெற்ற சௌராட்டிரச் சாயத்தொழிலாளர் யேர்மன் அலிசரினுக்கு மாறினர். 1914இல் போர் மூண்டு யேர்மன் சாயம் வராது நின்றபோது அவர்தம் தொழில் திணறியது. வேருக்குத் திரும்புவதற்கோ வேர் கிண்டுவார் எஞ்சியிருக்கவில்லை.

ஈண்டு ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. சாயவேரை முதன்முதலில் முறையாக இரசாயனப் பகுப்பாய்வு செய்தவர்களுள் ஒருவர் ஆதர் ஜோர்ஜ் பேர்க்கின். மேலே கூறிய பேர்க்கினின் மைந்தர். லீட்சிற் சாயத்தொழிற் பேராசிரியராகவிருந்த ஹம்மல் என்பாருடன் சேர்ந்து 1893இலும் 1895இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள், சாயவேரில் அலிசரின் உண்டு, ஆனால் ஐரோப்பிய வேரிற் காணப்படும் பேர்ப்பியூரின் என்னும் துணைச்சாயம் இல்லை என்று நிறுவின. தந்தை சந்தையிலிருந்து அகற்றிய வேரை மைந்தர் சோதனைக்குழாயில் இட்டுப் பார்த்தார். அறிவியல் வரலாற்றில் இத்தகைய காலப்பொருத்தங்கள் அருமையல்ல.

நிற்க. துணியிலிருந்து சட்டிக்கு வருவோம்.

துணிக்கு ஏற்ற செந்நிறம் உணவுக்கு ஏன் ஏற்றதாகவில்லை? சாயவேரின் சிறப்பே உணவில் அதற்குக் குறையாகும். உலோகத்தோடு பிணைந்து கரையாது நிற்பதே அதன் தன்மை; நாவில் அதற்குச் சுவையோ மணமோ குறிப்பிடத்தக்கதாய் இல்லை. உணவுக்கு நிறமூட்டும் தாவரம் நிறத்தோடு வேறொன்றையும் தருதல் நம் மரபு. மஞ்சள் மணத்தையும் பக்குவத்தையும் தரும். துணிக்கும் சட்டிக்கும் பொதுவாக நின்ற பெருஞ்சாயம் மஞ்சள் ஒன்றே எனலாம். ஆனால் துணியில் அது வெயிலுக்கு நில்லாது. சிவப்போ, தமிழர் சட்டிக்கு மிகப் பிந்தியே வந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இப்பகுதிகளுக்கு வந்தது. அதற்கு முன்பு நம் முன்னோர் உண்ட கறி மிளகின் காரமும் மஞ்சளின் நிறமும் கொண்டது. மிளகுபோற் காரமுடைய காய் என்பதே மிளகாய் என்னும் பெயரின் பொருள். சிவந்த யாழ்ப்பாணக் குழம்பைத் தொன்மைக்கு அடையாளமாகப் போற்றுவோர், அதன் நிறம் ஐந்நூறாண்டுக்கு உட்பட்டதென்பதை அறிந்தால் திகைப்பர்.

வந்த மிளகாயை யாழ்ப்பாணம் தனதாக்கிக் கொண்ட முறையோ தனித்துவமானது. தமிழகத்தில் மிளகாய்த்தூள் என்றால் இடித்த மிளகாய் மட்டுமே. யாழ்ப்பாணத்திலோ செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை யாவும் பதமாக வறுத்து இடித்த கூட்டுக்கே அப்பெயர். மிளகாயின் செந்நிறத்துக்குக் காரணமான கப்சாந்தின் எண்ணெயிற் கரைவது. ஆதலாற்றான் பிரட்டலில் எண்ணெய் பிரியும்போது சிவப்பும் மேலெழுந்து ஒளிர்கிறது. வறுத்தலால் அச்சிவப்பு கபில நிறம் கலந்து ஆழமாகிறது. இவ்வாழ்ந்த நிறமே சமைத்த இறைச்சியின் நிறத்துக்கு மிக அண்மையது. பாற்கறி வெள்ளையாகவும் தூள்க்கறி சிவப்பாகவும் நின்று, ஒரே சைவப் பந்தியில் இரு நிறங்களை வகுத்தன.

மச்சம், சைவம் என்னும் பகுப்பு யாழ்ப்பாணத்து வாழ்வில் எவ்வளவு ஆழமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆறுமுகநாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய காலந்தொட்டு, புலாலுண்ணாமை சைவ ஒழுக்கத்தின் முதற் கூறுகளுள் ஒன்றாக வலியுறுத்தப்பட்டது. ஆயினும் ஊரிற் பெரும்பாலோர் வெள்ளிக்கிழமையும் விரதநாளும் நல்லூர்த் திருவிழாக் காலமும் சைவராயும், ஏனைய நாட்களில் மச்சம் உண்போராயும் இருந்தனர். இதனாலே ஒரே சட்டி முறையில், ஒரே தூளில், மச்சத்துக்கு ஈடான சைவக் கறிகள் வளர்ந்தன. பிஞ்சுப் பலாக்காய், கத்தரிக்காய், வாழைப்பூ, மாரிகாலத்துக் காளான் ஆகியன பிரட்டலாகும்போது இறைச்சிக்குரிய தூளையும் நிறத்தையுமே பெற்றன. இறைச்சியைப் போலிசெய்தல் இங்கு நோக்கமன்று. பழகிய நாவுக்கு விரதநாளிலும் குறை தோன்றாதிருத்தலே நோக்கம். 1970களின் பிற்பகுதியில் இலங்கையிற் சோயாவைப் பரப்பும் முயற்சி, கன்னொறுவையில் நடைபெற்ற சோயா உணவு ஆராய்ச்சியோடு வலுப்பெற்றது. அதன்பின் சந்தைக்கு வந்த சோயா மீற் இப்பழைய வரிசையிற் கடைசியாக வந்து அமர்ந்தது. என் பெரியம்மா ஒருவர் அதனை விரதநாளிற் கையாற் தொடவும் மாட்டார். “பேரிலேயே மீற் இருக்குது, பிறகென்ன சைவம்?” என்பது அவர் கேள்வி. நிறத்தை அவர் பொருட்படுத்தவில்லை. வங்காளத்தில் வைதிக ஒழுக்கம் பேணிய கைம்பெண்கள் செந்நிற மைசூர்ப் பருப்பையே மச்சத்தோடு சேர்த்து விலக்கினர் என்பதையும் இதனோடு வைத்து நோக்கலாம். ஒருவர்க்குப் பெயர் தடை. மற்றவர்க்கு நிறம் தடை.

பிற நாடுகளிலும் இம்முயற்சி புதிதன்று. சீனத்துப் பௌத்த மடங்களிற் சோயாவையும் கோதுமைப் பசையையும் கொண்டு இறைச்சியொத்த உணவு செய்யும் மரபு உண்டு. செம்பூஞ்சணம் ஏற்றிய அரிசி அந்நாட்டிற் சோயாத் தயிர்க்கட்டிக்கும் இறைச்சிக்கும் ஒருங்கே சிவப்பூட்டுகிறது. காசுமீரத்தார் உண்மையான ஆட்டிறைச்சிக்கே செடியின் வேர்ப்பட்டையையும் கோழிக்கொண்டைப் பூவையும் கொண்டு சிவப்பேற்றுகின்றனர். ஆகவே இறைச்சியின் சிவப்பு என நாம் கருதுவதிற் பெரும்பகுதி, இறைச்சியிலேயே கூடத் தாவரத்திலிருந்து வந்தது.

யாழ்ப்பாணத்துச் செந்நிறம் அரசியலுக்கும் உட்பட்டது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, குடாநாட்டுச் செம்மண் தோட்டங்கள் செழித்தன, தோட்டக்காரன் கல்வீடு கட்டினான், மோட்டர்சைக்கிள் வாங்கினான். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் இறக்குமதி மிளகாயின்முன் அவ்விலை சரிந்தது. அக்காலத்து இளைஞரின் மனக்கசப்பை ஆராய்வோர் பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்தலைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். செத்தல் மிளகாயின் விலையைப் பற்றி அதேயளவு எழுதவில்லை. இதனை ஒரு குறையாகவே நான் கருதுகிறேன். ஒல்லாந்தர் காலத்தில் வேரின் விலையை விதித்தவன் கோட்டையிலிருந்தான். நம் காலத்தில் மிளகாயின் விலையை விதித்தது கொழும்புத் துறைமுகம். இரண்டு வேளையிலும் மண்ணிற் குனிந்து நின்றவன் விலையைப் பேசவில்லை.

துணிச் சாயம் உணவுக்குள் புகுந்த கதையும் உண்டு. ஆனால் அது தாவரத்தின் கதையன்று. தாரிலிருந்து வந்த செயற்கைச் சாயங்கள் மலிந்தபோது, விலை குறைந்த தூளைச் சிவப்பாக்கிக் காட்டும் வணிகமும் மலிந்தது. 2003இல் ஐரோப்பாவில் மிளகாய்த்தூளிற் சூடான் என்னும் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. 2005இல் பிரித்தானியக் கடைகளிலிருந்து நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்கள் அதன் காரணமாக மீளப்பெறப்பட்டன. 2024இல் தமிழ்நாட்டரசு பஞ்சுமிட்டாயைத் தடைசெய்தது. அதன் இளஞ்சிவப்பு, துணிக்கும் தாளுக்கும் உரிய றோடமின் என்னும் சாயமென அறியப்பட்டமையே காரணம். இத்தகைய செய்திகளைப் படித்தவர்கள் இயற்கைச் சாயத்தின்பால் திரும்புவது இயல்பே.

ஆனால் தாவரத்திலிருந்து வந்தது என்னும் ஒரே காரணத்தால் ஒரு நிறம் தீங்கற்றதாகிவிடாது. இதற்குச் சான்று, சாயவேரின் ஐரோப்பிய உறவான மஞ்சிட்டியின வேரே. யப்பானில் அவ்வேரின் செந்நிறம் பதனிட்ட பன்றியிறைச்சி, சொசேச்சு, மீன்பசை, இனிப்பு ஆகியவற்றுக்கு நெடுங்காலம் பயன்பட்டது. பழைமையான தாவரச் சாயம் என்பதால் எவரும் ஐயுறவில்லை. எலிகளுக்கு அதனை நீண்டகாலம் ஊட்டிப் பார்த்தபோது சிறுநீரகத்திலும் ஈரலிலும் புற்றுநோய் தோன்றியமை தெரியவந்தது. 2004இல் யப்பானிய அரசு அதனை உணவுச் சேர்க்கைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அலிசரினோடு உடனுறையும் லூசிடின் என்னும் பொருளே முதன்மையான ஐயத்துக்குரியதாயிற்று. துணியில் முந்நூறாண்டு நிலைத்து நின்ற நிறம் உடலுக்குள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது துணியைப் பார்த்துத் தெரியும் செய்தியன்று. செயற்கை தீது, இயற்கை நன்று என்று எளிதாக எழுதிவிடும் கட்டுரைகள் நம்மிடையே மிகுந்துவிட்டமையால் இதனைச் சற்று அழுத்திக் கூறவேண்டியுள்ளது.

இன்று தாவர இறைச்சி செய்வோர் பெரிதும் நாடும் செந்நிறம் பீற்றூட்டினுடையது. அதன் பீற்றனின் நீரிற் கரைவது, சூட்டிற் சிதைவது. துணிச் சாயத்துக்கு இவை இரண்டும் பெருங்குறைகள். பச்சையாக இருக்கையிற் சிவந்து, அடுப்பிலேறியதும் கபிலமாதல் இறைச்சியின் இயல்பு; ஆகவே நில்லாத சாயமே இங்கு வேண்டப்படுகிறது. அமெரிக்கக் கம்பனி ஒன்று 2016 முதல் வேறு வழியிற் சென்றது. சோயாச் செடியின் வேர்முடிச்சிலுள்ள, குருதிச் சிவப்பை ஒத்த இரும்புப் புரதத்தை மதுவத்தைக் கொண்டு உண்டாக்கித் தன் உணவிற் சேர்த்தது. 2019இல் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் அதனை நிறமூட்டியாகவும் ஏற்றுக்கொண்டது. மீண்டும் ஒரு செடியின் வேரிலிருந்தே சிவப்பு வருகிறது என்பதை வாசகர் கவனிப்பர். இம்முறை அதைக் கிண்ட ஆள் வேண்டியதில்லை.

பீற்றூட் நம் செம்மண்ணிலும் நன்கு விளைகிறது. அதன் சாயக் குடும்பத்தைச் சார்ந்த நிறம் செந்தண்டுக் கீரையிலும், நாகதாளிப் பழத்திலும், வேலியிற் படரும் கொடிப்பசளியின் கரும்பழத்திலும் உண்டு. பசளிப் பழத்தை நசுக்கி மையாக்கி விளையாடாத பிள்ளைகள் நம் ஊர்களில் ஒரு காலத்தில் இல்லை. உணவுக்குரிய நிறமாக இவற்றை ஆராயும் பணி நம் விவசாய, உணவியல் மாணவர்க்கு உரியது.

சாயவேரோ இன்றும் மணற்பாங்கான கரைகளில் முளைக்கிறது. கிண்டுவோர் இல்லை, கிண்டும்படி ஆணையிடுவோரும் இல்லை. சித்த வைத்தியர் மட்டும் இரத்தம் கக்கும் நோய்க்கும் இருமலுக்கும் இம்பூறலைக் கொடுத்து வருகின்றனர். அதன் இலையைப் பொடித்து மாவுடன் பிசைந்து அடையாகச் சுட்டு நோயாளிக்கு உண்ணக் கொடுப்பது அவர் மரபு. அந்த அடையில் வேர் சேர்வதில்லை. ஆதலால் அது சிவப்பதுமில்லை.